கார் ஏசியில் அனல் காற்றா? கேஸ் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"கேஸ் கம்மியா இருக்கு சார். போட்டுட்டா ஜில்லுனு ஆயிடும்."

இந்த ஒரு வரிக்காக ஒரே கோடையில் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வண்டி கைக்கு வந்தது. தாம்பரத்திலிருந்து வீடு வரை பெரிதாக எங்கும் நிற்காமல் ஓட்டி வந்தேன். விரல் விறைக்கிற அளவுக்குக் குளிர். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கத்தரி வெயிலில், ஜிஎஸ்டி சாலை சிக்னலில் நின்றால் பழையபடி அனல். மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு பெரியவர் கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜைக் கையிலேயே எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்தார். ஏசியைப் போடச் சொன்னார். ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கண்டென்சர் ஃபேன் (ஏசி கேஸின் சூட்டை வெளியே தள்ளும் விசிறி) மோட்டாரில் இரண்டு தட்டு தட்டினார். அசையாமல் நின்ற ஃபேன் சுழல ஆரம்பித்தது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருந்தது. கேஸில் ஒரு குறையும் இல்லை.

காற்று சூடாக வருவதற்குக் கேஸ் குறைவது ஒரு காரணம்தான். வேறு ஏழெட்டு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியை நீங்களே வீட்டு வாசலில் நின்று கண்டுபிடித்துவிடலாம். பைசா செலவில்லாத சோதனைகள் முதலில், கேஜும் சிலிண்டரும் கடைசியில் என்ற வரிசையில் எழுதுகிறேன். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு இது பொருந்தும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிகளில் கம்ப்ரஸருக்கே உயர் மின்னழுத்தம் போகும். ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். இந்தச் சுமைதூக்கி வேலையைச் செய்வது கேஸ். நம் ஊர் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. திறந்த வெளி அழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடக் கூட கொதிநிலையும் ஏறும்: கேஜில் 28 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டினால் கொதிநிலை 0 டிகிரி, 200 பிஎஸ்ஐ காட்டினால் சுமார் 55 டிகிரி.

வித்தை முழுவதும் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அழுத்தத்தைக் குறைத்து வைத்தால், கேஸ் சில டிகிரியிலேயே கொதித்து உள்காற்றின் சூட்டை உறிஞ்சும். கம்ப்ரஸர் அதை இழுத்து, அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே கேஸ் 55, 60 டிகிரியில் இருக்கும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தாலும், கேஸைவிட அது குளிர்ச்சிதானே; அதனால் சூடு வெளிக்காற்றுக்குப் போய், கேஸ் திரவமாகிவிடும். திரவம், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்து, அழுத்தம் சடாரென்று குறைந்து, மறுபடி கூலிங் காயில். கண்டென்சரிலிருந்து சூடு இறங்காவிட்டால் கேஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை. என் கதை அதுதான்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர்

"ஜில்லுனு இல்ல" என்பது ஒரு அளவு ஆகாது. கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடு வென்டில் செருகுங்கள். வண்டி நிழலில், ஆனால் திறந்த இடத்தில் நிற்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெப்பக் குமிழியை முழு நீலத்தில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, என்ஜினைச் சுமார் 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

இதைச் செய்யும்போதே காற்றுச் சுழற்சி பட்டனைப் பாருங்கள். வண்டி படத்துக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி உள்ள பட்டன். அது உள்காற்றில் இல்லாமல் வெளிக்காற்றில் இருந்தால், 38 டிகிரி காற்றை ஒவ்வொரு நொடியும் புதிதாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும். சென்னைக் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். ஏசியின் உழைப்பில் ஒரு நல்ல பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்கிக் கீழே சொட்டவிடுவதிலேயே போய்விடும். பின்சீட்டுக் குழந்தை தட்டிவிட்ட இந்தப் பட்டனுக்காக மெக்கானிக்கிடம் வந்தவர்கள் உண்டு.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்டில் 8 முதல் 12 வரை வந்தால் ஏசி நன்றாகவே இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். 20-க்கு மேல் என்றால் நிச்சயம் கோளாறு. அப்புறம், வெயிலில் நான்கு மணி நேரம் நின்ற வண்டியை எடுத்தவுடன் வரும் முதல் ஐந்து நிமிடக் காற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சீட்டும் டேஷ்போர்டும் அடுப்பு போலக் கொதித்துக்கொண்டிருக்கும். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி, அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏற்றுங்கள்.

எப்போது சூடாகிறது?

எந்தக் கருவியையும் விட இந்தக் கேள்வி பெரியது. மெக்கானிக்கிடம் போகும் முன் இரண்டு நாள் கவனித்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது ஜில், சிக்னலில் நின்றால் சூடு: கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள், இல்லாவிட்டால் கண்டென்சரில் அடைந்த அழுக்கை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. நின்றதும் அழுத்தம் ஏறும்; பல வண்டிகளில் அது சுமார் 450 பிஎஸ்ஐ பக்கம் போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும்.

முதல் அரை மணி நேரம் அருமை, அப்புறம் காற்றின் வேகமே குறைந்து, சூடாகவும் ஆகிறது, ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சரியாகிறது: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் 3, 4 டிகிரிக்கு வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லும் தெர்மிஸ்டர் சென்சார் வேலை செய்யவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்துக் காற்று போதவில்லை. கேஸ் குறைந்தாலும் காயிலின் ஒரு மூலையில் ஐஸ் பிடிப்பதுண்டு.

காற்றின் வேகம் குறையாமல், ஜில்லும் சூடும் மாறி மாறி வந்தால் கேஸ் குறைவு, கம்ப்ரஸர் கிளட்சின் இடைவெளி (கீழே சொல்கிறேன்), உள்ளே புகுந்த ஈரம் ஆகிய மூன்றில் ஒன்று. டிரைவர் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி என்றால் கேஸ் குறைவு, இல்லையேல் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடல்கள். மலையேறும்போது மட்டும் என்றால் என்ஜின் சூட்டைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே ஏசியைத் துண்டிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு வியர்த்தால் குற்றவாளி ஏசி இல்லாமலும் இருக்கலாம். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஒரு லாரியை முந்தும்போது சில நொடி குளிர் குறைவது சில வண்டிகளில் வடிவமைப்பே அப்படி.

காற்று வருகிறதா?

குளிர் இருக்கிறது, ஆனால் மெல்லிய காற்றாக வருகிறது என்றால் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கருவியே தேவைப்படாது. என் வண்டி விலை குறைந்த ரகம். ஃபில்டருக்கு இடம் மட்டும் விட்டு, ஃபில்டரே வைக்காமல் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் தூசியும் முடியும் காய்ந்த இலையும் நேராகக் கூலிங் காயிலில் போய்ப் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு ஃபில்டர் வாங்கிப் போடுங்கள். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும், சின்ன வேலை.

பானெட்டைத் திறந்து

தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், ஃபேன் எந்த நொடியும் தானாகத் தொடங்கும்.

என்ஜின் ஐடிலில் இருக்க, உள்ளே ஒருவரை ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். என்ஜின் சத்தமும் லேசாக மாறும். கம்ப்ரஸரின் புல்லி எப்போதும் சுழலும். அதன் முன்னால் இருக்கும் தட்டு ஏசி போட்ட பிறகுதான் சேர்ந்து சுழலும். இதுதான் மேக்னடிக் கிளட்ச். (சில புதிய வண்டிகளில் கிளட்சே கிடையாது, கம்ப்ரஸர் எப்போதும் சுழன்று, ஒரு கண்ட்ரோல் வால்வு எவ்வளவு அழுத்துவது என்று தீர்மானிக்கும். அவற்றில் ஸ்கேனர் இல்லாமல் கண்ணால் சொல்வது கடினம்.)

தட்டு சுழலவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே: பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கிளட்ச் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று அளக்கலாம். வோல்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சில், அல்லது அதன் எர்த்தில். கனெக்டரைக் கழற்றிக் காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். பொதுவாக 3, 4 ஓம் பக்கம் இருக்கும். முள் அசையாவிட்டால் காயில் எரிந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும், காலையில் ஒட்டி, ஒரு மணி நேரம் ஓடியபின் ஒட்ட மறுத்தால், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி தேய்ந்து அதிகமாகியிருக்கும். காயில் சூடானால் காந்த இழுவை குறையும், அகன்ற இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் சரியாகும் வேலைக்குப் புதுக் கம்ப்ரஸர் விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

வோல்ட்டே வரவில்லை என்றால் வயரில் எங்கோ அறுந்திருக்கலாம். கேஸ் ஒரேயடியாகக் குறைந்து பிரஷர் சுவிட்ச் தடுத்துக்கொண்டும் இருக்கலாம். அது கம்ப்ரஸரைக் காக்கத்தான் தடுக்கிறது: கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றி வருகிறது, கேஸ் இல்லை என்றால் ஆயிலும் வராது. அதனால் சுவிட்சை வயரால் இணைத்துக் கம்ப்ரஸரை வலுக்கட்டாயமாக ஓட்டாதீர்கள்.

ஃபேனும் ஒரு குடம் தண்ணீரும்

கிளட்ச் ஒட்டிய கையோடு ஃபேன் ஓட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதுமே ஓடும். சிலவற்றில் அழுத்தம் ஏறிய பிறகு. என் வண்டியில் இரண்டு ஃபேன்கள்: ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்சருக்கு ஒன்று. ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காக ஓடியதால் என்ஜின் சூடாகவில்லை. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஃபேன் ஓடும் சத்தம் கேட்டால் திருப்தி அடையாதீர்கள், எது ஓடுகிறது என்று எட்டிப் பாருங்கள். ஓடாத ஃபேனை நீளமான குச்சியால் தட்டி ஓடினால் பிரஷ் போய்விட்டது. தட்டியும் ஓடாவிட்டால், என்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேரடியாக மின்சாரம் கொடுங்கள். ஓடினால் மோட்டார் நல்லது; ரிலே, ஃபியூஸ், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் பக்கம் தேடுங்கள்.

இன்னொரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியை நிறுத்தி, என்ஜினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, வென்டில் சூடாக வரும்போது, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மோட்டார், வயர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வென்ட் தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கினால் சூடு வெளியேறாததுதான் பிரச்சினை. ஃபேன், கண்டென்சர் அழுக்கு, அல்லது யாரோ அளவுக்கு மேல் திணித்த கேஸ். இறங்கவே இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

கண்டென்சர் தகடுகளில் பூச்சியும் செம்மண்ணும் அடைத்திருந்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன் கிட்டத்தில் அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துபோகும்.

இரண்டு குழாய்கள்

டேஷ்போர்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தேடுங்கள். பருமனானது குளிர்ந்து, வியர்த்து, நீர் சொட்ட வேண்டும். ஒல்லியானது சூடாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

பருமனான குழாய் ஜில்லென்று வியர்த்திருக்கிறது, உள்ளே மட்டும் சூடான காற்று என்றால் கேஸ் பேச்சையே எடுக்க வேண்டாம். ஹீட்டர் மடல் முழுதாக மூடவில்லை. குமிழிக்கும் மடலுக்கும் நடுவில் இருக்கும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது மடலைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கும். உறுதிசெய்ய, ஆறிய என்ஜினில் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் துணி சுற்றிய கிளாம்ப்பால் இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உடனே குளிர் வந்தால் விஷயம் முடிந்தது. வருடம் முழுக்க ஹீட்டரே போடாத ஊரில் இந்தக் கோளாறு பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டு குழாய்க்கும் பெரிய வித்தியாசமே இல்லை, கிளட்சும் சுழல்கிறது என்றால் கேஸ் மிகக் குறைவு, அல்லது கம்ப்ரஸர் அழுத்தவில்லை. இங்கேதான் கேஜ் தேவைப்படுகிறது. இதற்குமேல் நல்ல ஏசி மெக்கானிக்கின் வேலை. ஆனால் அவர் செய்வது உங்களுக்குப் புரிய வேண்டும்.

கேஜ் சொல்வது

முதலில் என்ஜினை அணைத்த நிலையில், வண்டி ஆறியபின் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். "நூறு காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கும் வரை, பாதி கேஸ் இருந்தாலும் அதே அழுத்தம்தான். வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டர் கடைசி நாள் வரை ஒரே மாதிரி எரிவதுபோல. அந்த அளவைவிடக் குறைந்தால் கேஸ் கிட்டத்தட்ட காலி. அதைவிட நன்றாகக் கூடுதலாகக் காட்டினால் உள்ளே காற்றோ வேறு ஏதோ கேஸோ கலந்திருக்கிறது.

ஓடும்போது, 35 டிகிரி வெளி வெப்பத்தில், குறைந்த அழுத்தப் பக்கம் 30 முதல் 45, உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ என்பது பொதுவாக நலம். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகமாக இருந்தால் மறுபடி ஃபேன், கண்டென்சர், அதிகக் கேஸ், கலந்த காற்று. குறைந்த பக்கம் கூடியும் உயர் பக்கம் குறைந்தும், இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. குறைந்த பக்க முள் பூஜ்யத்துக்குக் கீழே போனால் எங்கோ அடைப்பு: எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையர். அடைப்பு உள்ள இடத்தில் பெரும்பாலும் குழாய் சட்டென்று குளிர்ந்திருக்கும். நன்றாக ஓடி, இருபது நிமிடத்தில் முள் பூஜ்யத்துக்குப் போய், அணைத்துப் பத்து நிமிடம் கழித்துச் சரியாகிறது என்றால் உள்ளே ஈரம். அது வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்து, பின் உருகுகிறது.

கேஸ் குறைவுதான் என்றால், எங்கே போனது?

பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை கேஸ். ரப்பர் ஹோஸ் வழியே ஆண்டுக்குச் சில கிராம் கசியும், அதனால் பல வருடம் கழித்துக் கொஞ்சம் குறைவது இயல்பு. போன கோடையில் போட்டது இந்தக் கோடையில் இல்லை என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது. அதோடு ஆர்-134ஏ, கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. இதனால்தான் ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் அதற்கு இடமில்லை.

கசியும் இடத்தில் கேஸோடு ஆயிலும் வரும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். கண்டென்சரின் கீழ் மூலைகள், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கம்ப்ரஸரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றும் வாய்களுக்குள் இருக்கும் ஊசி வால்வு ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரையை ஒட்டி வாழ்பவர்களின் கண்டென்சரை உப்புக்காற்று அரிக்கும். ஊசி வால்வுக் கசிவு என்றால் அதிர்ஷ்டம்; சில நிமிட வேலை. எங்கேயும் பிசுக்கு இல்லை என்றால் கூலிங் காயில்மேல் சந்தேகம் போகும். எலெக்ட்ரானிக் டிடெக்டரை வென்டிலோ, தண்ணீர் சொட்டும் குழாயிலோ வைத்துப் பார்ப்பார்கள். சில வண்டிகளில் அதை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் வேலை. சேர்த்துப் பூட்டியபின் கடகட சத்தம் வராமல் செய்யும் கை எல்லோருக்கும் வாய்க்காது. அதனால் ஆதாரம் காட்டாமல் "கூலிங் காயில் போச்சு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிச்சயமான சோதனை நைட்ரஜன் அழுத்தம். நைட்ரஜனை 150 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி, சோப்பு நுரை தடவி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. ஆக்ஸிஜன் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

சரியாகக் கேஸ் போடுவது எப்படி

மெக்கானிக் ஓட்டையை அடைத்தார், ஓ-ரிங் மாற்றினார். சிஸ்டத்தை வெகுநேரம் திறந்து வைத்திருந்தால் ஃபில்டர் டிரையரும் புதிதாக வேண்டும். அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் வெளிக்காற்றிலேயே நிறைந்துபோகும். அடுத்தது உள்ளே இருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்கும் வேக்கம் பம்ப், குறைந்தது அரை மணி, ஈரக்காற்று ஊரில் முக்கால் மணி. இது வெறும் காற்றை வெளியேற்ற அல்ல. 30 டிகிரியில், அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் தண்ணீரே கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே ஒளிந்த ஈரத்தை விரட்ட அதுதான் வழி. பம்பை நிறுத்தியபின் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். பல கடைகளில் ஐந்து நிமிடம் பம்ப் ஓடும், முள்ளைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள்.

கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். பானெட்டின் உள்பக்கமோ, முன்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். இவ்வளவு சிறிய அளவில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும், கூடினால் காற்று சூடாகும். "முள்ளைப் பார்த்தே போட்டுருவேன் சார்" என்பவரிடம் தராசு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். வெளியேறிய ஆயிலுக்குப் பதிலாக, ஸ்டிக்கரில் சொன்ன ரக ஆயில் அளந்து போக வேண்டும்.

சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக விற்கும் கேஸை வாங்க விடாதீர்கள். போலி ஆர்-134ஏ-வில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தால் அது அலுமினியத்தோடு வினைபுரியும். 2011-இல் இப்படிக் கலப்படக் கேஸ் ஏற்றிய கப்பல் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். டப்பாவில் விற்கும் "ஓட்டை அடைக்கும் திரவம்" இன்னொரு தலைவலி; ஓட்டையோடு வால்வையும் அடைத்துவிட்டுப் போகும்.

கம்ப்ரஸரே உடைந்திருந்தால் ஒரு வார்த்தை. உள்ளே தேய்ந்த உலோகத்தூள் குழாய் முழுக்கப் பரவியிருக்கும். குழாய்களைச் சுத்தம் செய்யாமல், டிரையரை மாற்றாமல் புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். இப்போதைய மெல்லிய துவாரக் கண்டென்சர்களைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. அதையும் மாற்றத்தான் வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கும். வாய்கள் மூடி வைக்கப்பட்டிருந்தால் பார்க்கலாம், திறந்து தூசியில் கிடந்ததை வேண்டாம் என்றே சொல்வேன்.

வண்டியை எடுக்கும்போது

மாலையில் எடுக்காதீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். நடு வென்டில் அதே தெர்மாமீட்டரைச் செருகி, கடை வாசலிலேயே வெயிலில், ஐடிலில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். ஃபேன் ஓடுகிறதா, பருமனான குழாய் வியர்க்கிறதா, வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். பிரஷ் மாற்றிய அன்று நான் அப்படித்தான் நின்றேன். வெளியே 37, வென்டில் 11. பெரியவர் கேட்ட கூலி, நான் முதல் முறை கேஸுக்குக் கொடுத்ததில் கால்வாசி.